கோமாளம்

ஹென்னூர் தாண்டி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
இரண்டு ஏக்கர் பன்னிரண்டு குண்டே.
போர்டு கன்னடத்தில். படிக்க வராது எனக்கு;
'சர்க்காரி' என்ற சொல்லின் உருவம் மட்டும் தெரியும்,
ரேஷன் கடை வாசலிலும் அதே எழுத்து.

சம்பளம் காண்ட்ராக்டர் தருகிறார்,
நினைவு வரும்போது.
வேலை: இங்கே ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது.

லாரி மண் கொட்ட வந்தால் நம்பர் எழுதுவேன்.
ஒரு லாரிக்கு மட்டும் எழுதாதே என்று போன் வந்தது.
பையன்கள் ஸ்டம்ப் நட்டால் பிடுங்குவேன்,
ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுவேன்.

போன வாரம் மூன்று கால் கருவியோடு
சர்வேயர் நிங்கராஜு வந்தார்.
டீ ஆறுவதற்குள் சொன்னார்:
"ரிக்கார்டுல இது கோமாளம்.
ஊர் மாடு மேய ராஜா காலத்துல விட்ட இடம்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.
இந்த வருஷம் மட்டும் பைரம்மாவின் மாட்டை
நாற்பது தடவையாவது விரட்டியிருப்பேன்.
ஒரு முறை கல்லெறிந்தேன்,
முன்னங்காலில் பட்டது.
அவள் கன்னடத்தில் திட்டியது
முழுக்கப் புரிந்தது.

"அப்போ மாட்ட விடலாமா சார்?"
"ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கியாச்சே, தொண்ணூத்தெட்டுலயே."
"ஆஸ்பத்திரி?"
"வரும்."

இன்று சாயங்காலம் அது வந்தது,
இன்னும் கொஞ்சம் நொண்டிக்கொண்டு.
கேட்டை முகர்ந்தது. பூட்டையும்.
சாவி என் இடுப்பில்.

திறக்கவில்லை.
சுவரோரம் குனிந்து
இரண்டு கை அறுகு பிடுங்கி
கம்பி இடுக்கில் வெளியே தள்ளினேன்,
சர்க்காரிப் புல்,
ரிஜிஸ்டரில் ஏற்றாமல்.