இரவல் கத்தி

பிரின்ஸ் ரூபர்ட்டில் மழை நிற்பதில்லை,
இடையிடையே மூச்சு வாங்கும்.

அப்படி மூச்சு வாங்கிய ஒரு செப்டம்பர் சனியில்
மார்லீன் தன் கத்தியைத் தந்தாள்.
ஸ்கீனாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவன்
பழக்கத்தியோடா போவாய் என்று சிரித்தாள்.
நான்கு அங்குலம். கார்பன் எஃகு.
அலகெங்கும் நீலம் ஓடிய சாம்பல் நிறம்.
அழுக்கென்று தேய்த்துவிடாதே,
ஆப்பிளும் வெங்காயமும் இரண்டு மான்களும்
பூசிய நிறம் அது என்றாள்.
மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

இரண்டு கோஹோ அறுத்தேன்.
ஓதம் ஏறிய ஆறு, பாதி கடல்.
அந்த நீரிலேயே கழுவி
காற்சட்டையில் துடைத்து
தோலுறைக்குள் செருகினேன்.
பொத்தான் டக்கென்றது.
வேலை முடிந்ததென்று நம்பவைக்கும் ஓசை.

பிறகு துறைமுகத்தில் இரவு ஷிப்ட்,
கடைவாய்ப் பல்வலி,
வீட்டுக்காரனோடு ஹீட்டர் சண்டை.
நாற்பத்தொரு நாள்.

உருவினேன். வரவில்லை.
மறுபடி இழுத்தபோது கத்தி வந்தது,
கூடவே செம்பொடி
மேசையில் சிந்தியது.

இசக்கியப்பன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து
துரு என்றான்.
கறள் என்றேன் நான்.
அவன் கரைக்கு ஒரு சொல், என் கரைக்கு ஒன்று.
தின்றுகொண்டிருந்ததற்கு
இரண்டும் தேவைப்படவில்லை.

பதனிட்ட தோல் உப்பை வைத்திருக்குமாம்,
குடித்த ஈரத்தை விடாதாம்.
காக்கவென்று தைத்த உறைக்குள்தான்
கெட்டிருக்கிறது கத்தி.

மருந்துக்கடையில் மினரல் ஆயில் கேட்டேன்.
அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி
இரவில் ஒரு கரண்டி போதும்,
நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றாள்.
சரி என்றேன். எதை விளக்க.

தேங்காயெண்ணெய் போதாதா என்றான் இசக்கி.
ஜன்னலோரத்தில் அது
போத்தலோடு உறைந்து வெள்ளையாய் நின்றது.
அவனே பார்த்துவிட்டு உள்ளே போனான்.

மிக மெல்லிய இரும்புக் கம்பளி,
எண்ணெய், ஒரே திசை.
கறளோடு நீலமும் போனது.
தேய்க்காதே என்று அவள் சொன்ன நிறம்.
அதைத் திரும்ப வாங்கலாமென்று
முழு வெங்காயம் ஒன்றை அறுத்து
சாறோடு ஒரு மணிநேரம் கிடத்தினேன்.
திட்டுத்திட்டாய் ஏதோ நிறம் வந்தது.
அவளுடையதல்ல.

கழுவினேன், துடைத்தேன்,
அடுப்புச் சூட்டில் காட்டினேன்.
அப்போதுதான் கண்டேன்,
கைப்பிடியோரம் என் கறள் இருந்த இடத்துக்கு அடியில்
ஒரு குழி.
கருப்பு. விளிம்பு மழுங்கி, எண்ணெய் ஊறியது.
நாற்பத்தொரு நாள் இத்தனை ஆழம் தோண்டாது.
இது வேறொரு மறதி,
வேறொரு மழை.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், மகிழ்ந்தேன்.
சொல்லாமலே கொடுத்துவிடலாம் என்றுகூட
ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், ஓய்வறை.
கத்தியைத் துவாலையில் சுற்றி,
உறையைத் தனியாக வைத்தேன்.
அவள் அலகைத் திருப்பினாள்.
பெருவிரல் நேராக அந்தக் குழிக்குப் போனது,
இருட்டில் தன் வீட்டு சுவிட்சுக்குப் போவதுபோல.

உறைக்குள்ளேயே விட்டுவிட்டேன் என்றேன்.

எத்தனை நாள்?

நாற்பத்தொன்று.

எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் என்றாள்,
கத்தியைப் பார்த்தபடியே.
அந்த வருஷம் என்ன நடந்ததென்று சொல்லவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
ஷிப்ட் மணி அடித்தது.
கத்தியைத் துவாலையோடு எடுத்துக்கொண்டாள்,
உறையை எடுக்கவில்லை.

என் கோட்டுக்குப் பக்கத்து ஆணியில்
வாய் திறந்து தொங்குகிறது அது.
காய்ந்துவிட்டதா என்று தினமும்
ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.
வெளியே மழை
மூச்சு வாங்கி முடித்துவிட்டது.