வடக்குச் சந்து

பக்கத்து வளவில் மூன்றாம் மாடி எழும்பிய மாதம்
என் கிணற்றடிக்கு வெயில் வருவது நின்றுபோனது.
கமலேந்திரனிடம் கேட்டேன்.
"ரூம் போட்டால்தானே அக்கா
நிலாவெளிக்கு வாறவன் இங்க தங்குவான்."
நியாயம்தான்.
வெயிலுக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு
திருகோணமலையில் ஒருவருமில்லை.

முதலில் பிடிவாதம்.
ரோசா வைத்தேன், கொப்பு கறுத்தது.
நித்தியகல்யாணி ஒரு மாரி தாங்கவில்லை,
வேர் சோறாய்க் குழைந்து கையோடு வந்தது.
குரோட்டன் தன் நிறமெல்லாம் மறந்து
வெறும் பச்சையாய் நின்றது,
இடமாற்றம் கிடைக்காத கிளாக்கர் மாதிரி.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
கச்சேரிக் கண்ணாடியில் பதினாறு வருசம் பார்த்தது.

பாலையூற்று நேர்சரியில் றிஸ்மின் கேட்டான்:
"எத்தனை மணித்தியாலம் வெயில்?"
விழித்தேன்.
"பார்த்திட்டு வாங்கோ. செடி பிறகு."

சித்திரை ஞாயிறு. சந்துக்குள் ஒரு கதிரை.
காலை முழுக்க நுளம்பைத் தவிர எவரும் வரவில்லை.
மதில் வெடிப்பில் ஒரு பன்னம்,
யாரும் வைக்காதது,
சுருளை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தது.
பதினொன்று நாற்பதுக்கு
தண்ணீர்த் தாங்கிக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவால்
ஒரு முழ அகல வெளிச்சம் இறங்கி
உடுப்புத் தோய்க்கும் கல்லைத் தொட்டு
குழாய் கசியும் இடத்தைத் தாண்டி
மதிலேறிப் போய்விட்டது.
இருபத்திரண்டு நிமிடம்.
ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கும் நேரம்போல
மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன்.

கணக்கைச் சொன்னபோது றிஸ்மின் சிரிக்கவில்லை.
கசிவோரம் வல்லாரை.
கல்லுக்குப் பின்னால் சேம்பு, அகல இலைச் சாதி.
மதிலுக்கு வெற்றிலைக் கொடி.
"மஞ்சள் வேணாம், கிழங்கு அழுகும்."
மணிபிளான்டை நானே வேண்டாமென்றேன்,
அது கமலேந்திரனுக்கு.

ஆனியில் கச்சான் அடித்தது.
முற்றத்துச் செம்பரத்தை காதோரம் கருகிற்று,
ஊர்ப் புல்லெல்லாம் தும்பாயிற்று.
சந்துக்குள் மட்டும்
வெறுங்காலில் நின்றால் குளிர் முழங்கால்வரை ஏறும்.
அந்த மூன்று மாடிதான் ஈரத்தைக் காத்தது.
அதை நான் கமலேந்திரனிடம் சொல்லவில்லை.

ஆடியில் ஒரு விடியல். படலை திறந்து கிடந்தது.
பஸ் ஸ்ராண்டில் வாழைப்பழத்தோல் தின்கிற
நகரத்து மான் ஒன்று
குழாயடியில் வல்லாரையை
வரிசை தவறாமல் மேய்ந்துகொண்டிருந்தது.
மேலே யன்னலில் ஒரு வெள்ளைக்காரி, கையில் போன்.
மதிலுக்கு மேலால் கமலேந்திரன், கையில் தும்புத்தடி:
"கலைக்கவா அக்கா?"
வேண்டாமென்று கை காட்டினேன்.
மான் சேம்பை மோந்தது,
அதன் அரிப்பு அதற்கும் தெரிந்திருக்கிறது,
தும்மிவிட்டுத் திரும்பியது.
குளம்பு பதிந்த சேற்றில் தண்ணீர் ஊறிக் கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் பாலையூற்றில்
பத்துப் பை வல்லாரை வாங்கினேன்.
படலைக்குக் கொளுக்கி வாங்க மறந்தேன்
என்றுதான் கமலேந்திரனுக்குச் சொல்லியிருக்கிறேன்.