பெரிய விசிறி, மெதுவாக

இரண்டாயிரத்து நூற்றுப் பத்து பொலிவியானோ.
பாதி சில்லறை.
மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
செஹா, செஹா, பெரெஸ், பிராடோ என்று
கூவிக் கூவிச் சேர்த்தது.
சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும்.
எலொய் சல்மோன் தெருவில்
விரலால்தான் விலை கேட்டேன்.

ஆறு கோர் பிராசசர் ஒன்று,
படம் காட்டும் வித்தையும் அதற்குள்ளேயே.
தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா என்றான் ப்ரிமித்திவோ.
கண்ணாடி அலமாரியில் மூன்று விசிறியோடு அது
மாப்பிள்ளைக் களையில் உட்கார்ந்திருந்தது.
வேண்டாம்.
நான் யாரையும் சுடப் போவதில்லை.
என் வேலை ஒலி:
ஒரு கதவு சாத்துவதை
முப்பது தரம் பதிந்து, வெட்டி, ஒட்டி,
வானொலி நாடகத்தில் ஒரு மனைவி
வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று
கேட்பவர் நம்பச் செய்வது.

மதர்போர்டில்
ரேமுக்கு இரண்டு இடமா, நான்கா?
நான்கென்றால் நூற்றிருபது கூட.
காலி இடத்துக்கு எதற்குக் காசு?
வாடகை அறைக்கு இரண்டாவது தலையணை
வாங்கி வைத்தவள்தானே நீ,
மூன்று வருஷமாய் உறைகூட மாற்றாமல்.
இரண்டு போதும்.

பவர் சப்ளையில் பேரம் பேசவில்லை.
எண்பதுக்கு ஒன்று நீட்டினான்.
கையில் வாங்கினேன்,
காலித் தீப்பெட்டியின் கனம்.
எல் ஆல்டோவில் எங்கள் தெருவுக்கு மின்சாரம்
குடிகாரன் படியேறுவதுபோல் வரும், நிற்கும், சாயும்.
கனமானதைக் கொடு என்று
உள்ளங்கையை ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

கேபினெட்டா? விரலுக்குத் தக்க வீக்கம்.
யுங்காஸ் ஆரஞ்சு வந்த மரப்பெட்டி
கட்டிலுக்கடியில் இருக்கிறது.

இங்கேதான் கணக்கு இடித்தது.
பிராசசரோடு வரும் இலவச விசிறி
உள்ளங்கை அகலம்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றுக்குச் சூடு சுமக்கத் தெம்பில்லை.
கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்
எங்கள் படிக்கட்டில் பாதியில் நின்று
சுவரைப் பிடிப்பதைத் தினம் பார்க்கிறேன்.
அந்தச் சின்ன விசிறியும் இப்படித்தான் இரைக்கும்,
இரைப்பு மைக்கில் விழும்,
வீட்டைவிட்டுப் போகும் மனைவிக்குப் பின்னால்
ஒரு கொசு அழும்.

பெரியது தொண்ணூற்றைந்து.
மெதுவாகச் சுற்றும், சத்தம் போடாது.
இரண்டு வண்டி ஹாரன் அடித்துப் போகும் நேரம் யோசித்து
எஸ்எஸ்டியில் கை வைத்தேன்:
நானூற்றெண்பது ஜிபியைத் திருப்பிக் கொடுத்து
இருநூற்று நாற்பது வாங்கினேன்.
சேமிக்கும் இடத்தில் பாதியை விற்று
நிசப்தம் வாங்கியவள்
அன்றைக்கு அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

மிச்சம் ஒன்றரை பொலிவியானோ.
வண்டியில் அதையும் கொடுக்கவில்லை.
கதவில் நின்ற பையனுக்குப் பதிலாக
இல்லாத குரலில் செஹா, செஹா என்றேன்,
மதர்போர்டை மார்போடு அணைத்தபடி.

இரவு பதினொன்று.
பொத்தானை அழுத்தினேன். கறுப்பு.
மறுபடி. கறுப்பு.
எல்லாவற்றையும் பிடுங்கி
ரேமை மறுபடி செருகினேன்,
உடைந்துவிடும் என்று பயந்த அளவுக்கும்
கொஞ்சம் மேலே அழுத்தியபோது
டக்.
பழைய டிவியில் வெள்ளை எழுத்துகள்.

விசிறி சுற்றுகிறதா என்று
கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் பதிவுக்கு என் தொண்டை ஒத்துழைக்கவில்லை.
மைக்கை ஜன்னலில் வைத்தேன்.
கடைசி மினிபஸ். என் வழித்தடம்.
யாரோ ஒருத்தி பெரெஸ்ஸை இழுத்துக் கூவுகிறாள்,
கடைசி எழுத்தைத் தவறாக.
திருத்தாமல் சேமித்தேன்.