முப்பத்தொன்றாம் துடுப்பு

முதுநகர்த் துறையில் காலை நாலே முக்கால்.
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேலே
அஞ்சலாட்சியின் குரல்:
"துடுப்புல வெட்டு வுழுந்தா மீனுக்குப் பத்து ரூபா கொறையும்.
யாரு குடுப்பா?"

நான்தான் கொடுக்கிறேன்.
நகத்துணுக்கு அளவு சதைக்குப் பத்து ரூபாய்.
ரசீது எங்கே என்று
கணக்குப் பிரிவு இருமுறை திருப்பி அனுப்பிவிட்டது.

கொடுவா.
டார்ச் பட்டதும் தணலாகிற கண்.
ஆற்று மீன் என்றால் ஒரு விலை,
பண்ணை மீன் என்றால் வேறு.
வெள்ளம் வந்த வருஷம் குளக்கரைகள் உடைந்து
எத்தனை குஞ்சுகள் உப்பனாற்றில் இறங்கின,
யாருக்கும் தெரியாது.
அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஐந்து மாதமாக அதுவும் வரவில்லை.

பரங்கிப்பேட்டையில் ஹிதாயா குழாய்களைத் திறக்கிறாள்.
பேனாவில் எழுதிய எண்களை ஸ்பிரிட் குடித்திருந்தது.
"பென்சில்ல எழுதுன்னு எத்தன வாட்டி..."
ஒன்பது மீன்களுக்குப் பெயர் போயிற்று.
முப்பத்தொன்று தப்பியது.

மீனுக்குள் ஒரு திக்கல் இருக்கிறது.
சி ஏ சி ஏ சி ஏ
ஒரு வேலையும் செய்யாத எழுத்து,
செதிலுக்கும் உதவாது, செவுளுக்கும் உதவாது.
ஆற்று மீன் பதினேழு முறை திக்கும்,
பண்ணை மீன் இருபத்துமூன்று.
தாய் தந்தது ஒரு திக்கல், தந்தை தந்தது இன்னொன்று.

முப்பத்தொன்று:
பதினேழு.
இருபத்துமூன்று.

ஹிதாயா மறுபடி ஓட்டினாள்.
நடுவில் மின்சாரம் போயிற்று,
மறுபடி ஓட்டினாள்.
இன்னும் பதினோரு இடங்களில் தேடினோம்,
எல்லாவற்றிலும் அதே பாதி.
தாய்வழி மட்டும் இறங்கும் இழையைப் படித்தோம்.
அது ஆறு.

அட்டவணையில் இரண்டே பத்தி:
ஆறு, பண்ணை.
நடுவில் இருந்த கோட்டின் மேலேயே
பென்சிலால் 31 என்று எழுதினேன்.
மீன் என்னவோ ஏழு வாரத்துக்கு முன்பே
நெல்லிக்குப்பத்தில் யார் வீட்டுக் குழம்பிலோ,
ஆற்று விலைக்கு.

இன்று மறுபடி துறை.
ரப்பர் செருப்புக்குள் ஐஸ் தண்ணீர்.
"என்னம்மா, எம் மீனு பாஸா?"
"அம்மா ஆறு" என்கிறேன்.
"அப்பன்?"
கத்தரியைத் துடைக்கிறேன்,
ஏற்கெனவே துடைத்ததுதான்.

அஞ்சலாட்சி என்னையே பார்க்கிறார்.
பிறகு கூடையிலிருந்து இன்னொரு கொடுவாவை
வாலைப் பிடித்துத் தூக்குகிறார்.

"இதுக்குப் பதினஞ்சு."