கூட்டக் குறிப்பு

கல்லூரிச் சாலை, மூன்றாவது மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் யாரிடம் என்று தெரியவில்லை.
குறிப்பெடுக்க வந்தவள் நான்.
கருத்துக்கு ஒரு கட்டம்,
நடவடிக்கைக்கு ஒரு கட்டம்.

வரைவுக் கொள்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாற்பத்தோராம் பக்கத்தில் இருளர்கள் வருகிறார்கள்,
'இடைநிற்றல்' என்ற தலைப்பின் கீழே.

திருவள்ளூரிலிருந்து முதல் மின்சார ரயிலில்
தேசம்மா வந்திருந்தார்.
மேசைப் பலகையில் 'தேசியம்மா' என்று அச்சாகியிருந்தது.
அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

டீ நேரத்தில் ஒருவர் ஆசையாகக் கேட்டார்,
பாம்பெல்லாம் பிடிப்பீங்களா?
எனக்குப் பல்லின்னாலே பயம் சார்,
என்று பிஸ்கட்டை நனைத்தார்.

ஒதுக்கியது மூன்று நிமிடம்.

"தை பொறந்தா சூளைக்குப் போயிடுவோம்.
புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போறது?
ஆனி வரைக்கும் அங்கதான், கல்லறுக்கிறது, அடுக்குறது.
திரும்பி வந்தா ரிஜிஸ்டர்ல பேரு அடிச்சிருக்கு.
இடைநிற்றலாம்.
எம் பொண்ணு எங்கங்க நின்னா?
அவ ஓடிக்கிட்டேதான் இருந்தா.
உங்க பள்ளிக்கூடந்தான்
அதே எடத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு."

யாரோ கடிகாரம் பார்த்தார்கள்.
நான் தட்டச்சினேன்:
பருவகால இடப்பெயர்வால் ஏற்படும் சிரமங்களைப்
பரிசீலிக்குமாறு பிரதிநிதி கேட்டுக்கொண்டார்.

"என்ன எழுதுன, படிம்மா."

இருபத்திரண்டு வருட வேலையில்
இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
படித்தேன். என் குரல் எனக்கே
சுற்றறிக்கை மாதிரி இருந்தது.

"நான் எங்க கேட்டுக்கிட்டேன்?
சொன்னேன்.
அழிச்சிட்டு எழுது.
பரீட்சை மார்கழிக்குள்ள முடியணும்.
வாத்தியாரு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு சூளைக்கு வரணும்.
புஸ்தகம் எழுதுற எடத்துல எங்காளுங்க மூணு பேரு.
கூப்ட்டா வந்து டீ குடிச்சிட்டுப் போறவங்க இல்ல,
கையெழுத்துப் போடுறவங்க."

தலைவர் இருமினார்:
மொழிநடையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பயணப்படி ரசீதில்
சாதிச் சான்றிதழ் எண் கேட்டிருந்தது.
'எழுதிக் குடுத்து பதினோரு வருசம் ஆச்சு'
என்று அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
எப்படியோ அடக்கி எழுதினார்.

ஆறு மணிக்கு என் குறிப்பு திரும்பி வந்தது.
'சொன்னார்' என்பதைச் சுற்றிப் பச்சை மை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

பென்சிலை எடுத்து வைத்துவிட்டு
பேனாவைத் தேடினேன்.
கேள்விக்குறிக்குப் பக்கத்தில் எழுதினேன்:
ஆம். ஒலிப்பதிவில் உள்ளபடி.

நடவடிக்கைக் கட்டம் காலி.
நுங்கம்பாக்கம் நிலையத்துக்கு இந்நேரம் நடந்திருப்பார்.
ஏசி இன்னும் பதினெட்டில்.