அங்கிட்டும் இங்கிட்டும்

தெற்குமாசி வீதியில் ஆயிரத்து நானூறு சொன்னான்,
ஆயிரத்து நூறுக்கு முடிந்தது.
நனைந்த செங்கல் நிறம். உள்ளே வழவழவென்று லைனிங்.
வைகாசி வெயிலில், மதுரையில்,
ஒரு ஏசி மெக்கானிக் கோட்டு வாங்குகிறான் என்று
கடைப்பையன் சிரித்திருக்கலாம்.
தொழிலை நான் சொல்லவில்லை.

ரெங்கபாஷ்யம் சார் பத்திரிகை வைக்கும்போதே சொன்னார்:
"குடும்பத்தோட வரணும் சோணை.
டூல்ஸ் பையத் தூக்கிட்டு வந்திராத."
அதற்காகத்தான் கோட்டு.
கோட்டு போட்டவனை
யாரும் ஏணியில் ஏறச் சொல்வதில்லை.

கண்ணாடி முன்னால் நின்ற பிறகுதான்
சட்டை ஒரு கேள்வியானது.

"இன் பண்ணு" என்றாள் பேச்சி.
"வெளிய விட்டா கோட்டுக்குக் கீழ ஒரு சாண் தொங்குது,
லாரிக்குப் பின்னாடி தார்ப்பாய் மாதிரி."

வீடியோ காலில் என் ஹெல்பர் அஸ்லம், இருபத்தோரு வயது:
"அண்ணே, இது கேஷுவல்.
பட்டன் போடக்கூடாது, சட்டைய வெளிய விடணும்.
இன் பண்ணா
ட்யூ கட்டலையான்னு கேட்க வந்த ஆளு மாதிரி இருக்கும்.
இல்லாட்டி ஒண்ணு செய்ங்க,
முன்னாடி மட்டும் சொருகிட்டு பின்னாடி விட்டிருங்க."

"பாத்ரூம்ல இருந்து பாதியில ஓடியாந்தவன் மாதிரி"
என்றாள் பேச்சி, போனுக்கே கேட்கும்படி.

உள்ளே விட்டேன்.
தொப்பை முந்திக்கொண்டு வணக்கம் சொன்னது.
பெல்ட்டில் ஆணி வைத்து நானே அடித்த ஓட்டை
பக்கிளுக்குப் பக்கத்தில் கோணலாகத் தெரிந்தது.

வெளியே எடுத்தேன்.
கீழ்விளிம்பில் மூன்று பொத்தல், மிளகு அளவில்.
செம்புக் குழாய் பற்ற வைக்கும்போது தெறித்த பொறி.
வேறு சட்டை போடலாம்தான்.
அதிலும் இருக்கும்.

மறுபடி உள்ளே.
வில்லாபுரத்திலிருந்து பசுமலை போய்ச் சேர்வதற்குள்
லைனிங் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மண்டபத்தில் மேலே எட்டு யூனிட்.
எட்டும் நான் மாட்டியவை.
ஏழேமுக்காலுக்கு நாலாவதன் குரல் மாறியது.
கீபோர்டு இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது,
பக்கத்து அறையில் தன்ஷிகா இருமினால் கேட்பதுபோல.

எட்டு மணிக்கு நின்றே போனது.
பெண்ணின் நெற்றியில் பவுடர் கரைந்து இறங்கியது.
யார் யாரோ பத்திரிகையால் விசிறினார்கள்.
சார் என் பக்கம் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோட்டைக் கழற்றித் தன்ஷிகாவுக்குப் போட்டேன்.
லைட்மேனிடம் ஏணி, அவனிடமே ஸ்குரு டிரைவர்.
தண்ணி போகும் குழாயில் அடைப்பு,
மிதவை மேலே ஒட்டிக் கிடந்தது.
ரெண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தபோது
அரைமணி நேரம் நாங்கள் மூன்று பேர் முடிவு செய்யாததைச்
சட்டை முடிவு செய்தது:
வலப்பக்கம் வெளியே, இடப்பக்கம் உள்ளே.

கீழே பட்டுச்சேலையில் ஒரு அம்மா:
"தம்பி, அப்படியே அந்தக் கடைசி ஃபேனையும் பாத்திருப்பா."
பார்த்தேன். அது சுவிட்ச் போடாத ஃபேன்.

இறங்கியதும் சார் கையைப் பிடித்து
மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒன்றும் பேசவில்லை.
பேச்சி என் இடுப்பைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.
முழங்கால்வரை தொங்கும் செங்கல் நிறத்தில்
தன்ஷிகா, கை எங்கே இருக்கிறதென்றே தெரியாமல்.

"உள்ள விடவா, வெளிய எடுக்கவா?"
போட்டோகிராபரைக் கேட்டேன்.
"அங்கிட்டு ஒரு அடி தள்ளுங்க போதும்.
இடுப்புக்கு மேலதான் வரும்" என்றான்.

தள்ளினேன்.
நாலாவதுக்கு நேர் கீழே.
வெளியே கிடந்த பக்கத்தின்
மூன்று பொத்தல் வழியாகவும்
குளிர் ஏறியது.