நான்கு மணிக் கட்டம்

வல்திவியாவில் ஜூன் மழை
விடுப்பே எடுப்பதில்லை.
ஆண்கள் பகுதியில் இருபத்தாறு கட்டில்,
இரவுக்கு நானும் நெர்லிந்தாவும்.
மூன்றாவது ஆளை
அவசரப் பிரிவு கடன் வாங்கிப் போயிற்று
மார்ச்சில்.

பதினோராம் கட்டில் தோன் எலியோதோரோ,
முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்.
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும்:
வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம்.
ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம்.
புரட்ட இரண்டு பேர் வேண்டும்.
கட்டத்தை நிரப்ப ஒருத்தி போதும்.

இரண்டு மணிக்குப் புரட்டினோம்.
நாலு அடிக்கையில் ஆறாம் கட்டிலில் ஒருவருக்கு
மூச்சு நின்றது.
ஐந்தே கால்வரை அவர் நெஞ்சின் மேல்தான் எங்கள் கைகள்.
பிழைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு
தோன் எலியோதோரோவின் போர்வையை விலக்கினேன்.
வாலெலும்புக்கு மேல் காசளவு சிவப்பு.
விரலால் அழுத்திப் பார்த்தேன்.
வெளுக்கவில்லை.
"நிறுத்தம் வந்துருச்சா?" என்றார்
கண் திறக்காமல்.

தலைமைச் செவிலி ப்ரூனில்தா கெட்டவள் இல்லை.
என் மகனுக்குக் காய்ச்சல் கண்ட இரவு
தன் காரில் என்னை வீட்டில் கொண்டு விட்டவள்.
"திங்கட்கிழமை தணிக்கை, மகளே,
வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது."
சிவப்பைச் சொன்னேன்.
களிம்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

நானும் நிரப்பியிருக்கிறேன்,
ஏப்ரலில், மேயில்.
எண்ணி வைக்கவில்லை.
அந்த இரவுகளில்தான்
என் கையெழுத்து அத்தனை நேர்த்தி.

இன்று நாலு மணிக் கட்டத்தை அப்படியே விட்டேன்.
பக்கத்தில், 'புரட்டவில்லை, இருவரே இருந்தோம்'
என்றெழுதப் பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.
ஒரு சதுர சென்டிமீட்டர்,
அவ்வளவுதான் என் துணிச்சல்.

செருப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால்
கட்டத்தில் 'இடப்பக்கம்' என்று இருக்கிறது.
நெர்லிந்தாவின் பச்சை மை.
அடியில் என் பெயரின் முதலெழுத்து.

"உனக்கு எதுவும் வந்துடக் கூடாதுல்ல," என்றாள்
பைக்குள் சாவியைத் துழாவியபடி.
அவள் கண்ணில் தூக்கம் தவிர வேறேதும் இல்லை.
நன்றி என்று சொல்லிவிட்டேன்.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

ஆற்றோரச் சந்தையில்
மீன் தலைக்குக் கடல்சிங்கங்கள் அடித்துக்கொண்டன.
பேருந்தில் இடம் இருந்தும் நின்றே வந்தேன்.

வீட்டில் இடப்பக்கமாகப் படுத்தேன்,
கடிகாரம் பார்த்து, அசையாமல்.
ஒரு மணி பத்து நிமிடத்தில்
இடுப்பெலும்பு எரியத் தொடங்கியது.
இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தேன்.

பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
என்னால் முடியும்.